அண்டாவில் தெரியாத கிரகணம்

தலைநகர் கைஃபெங்கின் வான்கணிதக் கச்சேரியில், அதாவது வானத்தைக் கணிக்கிற அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்ப்பவன் இரண்டு விதமாகத் தப்புச் செய்யலாம். கிரகணம் பிடிக்கும் என்று சொல்லி, அது பிடிக்காமல் போவது ஒன்று. சும்மா இருந்துவிட்டு, அது பாட்டுக்குப் பிடித்துத் தொலைப்பது இன்னொன்று. இரண்டாவதற்குத் தடியடி உண்டு. முழங்காலுக்கு மேலே, துணியை விலக்கிவிட்டு, நூறு அடி. முதலாவதற்கோ தண்டனையே கிடையாது. பிடிக்கவேண்டிய கிரகணம் பிடிக்காமல் போனால் அது சக்கரவர்த்தியின் புண்ணியத்தால்தான் என்பது எங்கள் சட்டம். அன்றைக்கு மந்திரிகள் பட்டு அங்கி போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, சூரியனைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காகச் சக்கரவர்த்திக்கு வாழ்த்துச் சொல்வார்கள். கணித்தவனுக்கும் ஒரு பட்டுச் சுருள் கிடைக்கும்.

இதில் எந்தத் தப்பைச் செய்யலாம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கச்சேரியில் இருந்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். அதனால் கொஞ்ச காலம் ஆயிற்று. புரிந்ததும், ஒவ்வொரு அமாவாசைக்கும் சூரிய கிரகணம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்தக் கச்சேரியில் கெங் வூ முரசுக்காரன். பெயரில் விசேஷம் ஒன்றும் இல்லை. வூ என்றால் ஐந்து; கெங் வீட்டில் ஐந்தாவதாகப் பிறந்தவன், அவ்வளவுதான். அடுத்துப் பிறந்தவன் கெங் லியூ, ஆறாமவன். மூத்தவர்கள் நாலு பேரும் ஒரே கோடைக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். பெற்றவர்களும் போன பிறகு, உலகத்தில் வூவுக்கு லியூவும் லியூவுக்கு வூவும்தான் மிச்சம்.

வேலை சுலபமானது. சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும் என்பதால், முற்றத்தில் ஒரு வெண்கல அண்டா நிறைய எண்ணெய் ஊற்றி வைத்து, அதில் தெரியும் சூரியனை ஐந்து அதிகாரிகள் குனிந்து பார்ப்பார்கள். ஓரத்தில் கடி விழுந்தது தெரிந்தால் கொடி இறங்கும். உடனே வூ முரசை அடித்து, சூரியனைக் கடிக்கும் வானத்து நாயை விரட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் அதை ஒருமுறைகூட அடித்ததில்லை. அமாவாசைக்கு அமாவாசை வந்து, குச்சிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பான். குறித்த நேரம் தாண்டும். "பிடிக்கவில்லை" என்று குரல் வரும். குச்சிகளை இறக்கிவிட்டு, தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். அடிக்காத முரசுக்கு வருடாவருடம் தோல் மாற்றினார்கள். கழற்றின தோல் புதுசாகவே இருக்கும். யாரோ ஒரு அதிகாரியின் மைத்துனர் செருப்புக் கடை வைத்திருந்தார்; அங்கே போகும்.

இப்படி எல்லாரும் சௌக்கியமாக இருந்தபோதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

லியூ வாத்து வியாபாரி. நாள் முழுக்க வாத்துகளோடு கத்திக் கத்தி, மனுஷர்களோடும் உரக்கவே பேசிப் பழகியவன். வசந்தகாலத்தில் ஒரு நாள் பாலத்தடித் தேநீர்க் கடையில் யாரோ, "பார்த்தியா, இந்த மாசமும் பிடிக்கல. என்ன புண்ணியம்ப்பா அவருக்கு" என்று உருகியிருக்கிறார்கள். இவன் சும்மா இருக்கக் கூடாதா? "புண்ணியமாவது ஒண்ணாவது. கணக்கைத் தப்பாப் போட்டிருப்பானுங்க" என்று சொல்லிவிட்டான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவருக்குப் பிறர் பேசுவதைக் கேட்பதுதான் உத்தியோகம். தேநீர் ஆறுவதற்குள் லியூவின் கைகளில் கயிறு விழுந்தது.

நியாயமாகப் பார்த்தால் லியூ சொன்னது தப்புத்தான். கச்சேரிக்காரர்கள் கணக்கையெல்லாம் சரியாகவே போட்டிருந்தார்கள். ஆனால் வழக்கு அதைப் பற்றியது அல்ல. சக்கரவர்த்தியின் புண்ணியத்தைக் கணக்குப் பிழை என்று இகழ்ந்ததற்காகத் தலையை வெட்டும்படி தீர்ப்பு வந்தது. செடிகொடிகள் துளிர்க்கிற காலத்தில் தலை வெட்டுவது இயற்கைக்கு விரோதம் என்பதால், எங்கள் ஊரில் அதைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வைப்பார்கள். இயற்கை விஷயத்தில் நாங்கள் மிகவும் கவனமாக இருப்பவர்கள்.

வூ சிறைக்குப் போனான். காவல்காரர் நியூ வயதானவர், இவர்களுடைய தெருக்காரர். சுவரைத் தவிர வேறெதுவும் பார்க்க முடியாத உள்கொட்டடியில் லியூவைப் போட்டிருந்தார்கள். கதவில் கஞ்சிக் கிண்ணம் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது.

"என்னடா இப்படிப் பண்ணிட்ட" என்றான் வூ.

"வாத்துக்குத் தீனி போட்டியாண்ணே?" என்றான் லியூ.

"போட்டேன்."

"அந்தக் கறுப்பு வாத்து கொத்தும். அதுக்குக் கையால போடாத."

வூவுக்கு அழுகை வரும் என்று நியூ எதிர்பார்த்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். வரவில்லை. திரும்பும்போது நியூதான் அவனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இங்க பாரு வூ, ஒரே ஒரு வழி இருக்கு. நிஜமாவே சூரியனைக் கடிச்சுட்டா, சக்கரவர்த்தி பெரிய மண்டபத்தை விட்டு எறங்கி, ஒரு சின்ன ரூம்ல உக்காந்து, கறி சாப்பிடாம, 'நான் என்ன தப்புப் பண்ணேன்'னு யோசிப்பாரு. யோசிச்சா கைதிங்க நெனப்பு வரும். தலை போறவனுக்கு நாடு கடத்தல்னு குறைப்பாரு, நாடு கடத்தறவனுக்குத் தடியடி, தடியடிக்காரனை வீட்டுக்குப் போன்னுடுவாரு. எங்கப்பா இங்க காவலுக்கு இருந்தப்ப ஒருக்கா நடந்திருக்கு. நீ அந்தக் கச்சேரியிலதானே இருக்க? குளிர் வர்றதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கடிக்கட்டும்னு வேண்டிக்க."

ஆக, கிரகணத்தை விரட்டுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவன், அது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தான்.

அடுத்த அமாவாசைக்குக் குச்சிகளைத் தூக்கினான். கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இறங்கவில்லை. "பிடிக்கவில்லை" என்று குரல் வந்தது. மந்திரிகள் வாழ்த்தினார்கள். வூ சிறைக்குப் போனான்.

"கடிச்சுதா?" என்றது ஓட்டையிலிருந்து குரல்.

"இல்லடா."

"சரி விடு. அதுக்கும் பசிக்கணுமில்ல."

அதற்கடுத்த மாதமும் இதே கேள்வி, இதே பதில். கோடை வந்தது. இந்தச் சமயத்தில் சடங்கு மந்திரிக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் நல்ல பருமன், நல்ல குரல், எதையும் பாதியில் விடாதவர். மாதத்துக்கு ஒரு கிரகணத்தைத் தடுக்கிற புண்ணியம் ஏன் இரண்டைத் தடுக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பௌர்ணமியன்றும் சூரிய கிரகணம் அறிவிக்கும்படி கச்சேரிக்கு ஆள் அனுப்பினார். கச்சேரித் தலைவர் தாவ் ஷௌயி நேரிலேயே போய், சூரியனைச் சந்திரன் மறைத்தால்தான் சூரிய கிரகணம், பௌர்ணமியன்று சந்திரன் வானத்தின் எதிர்ப்பக்கத்தில் அல்லவா நிற்கிறது, அது எப்படி மறைக்கும் என்று பணிவோடு எடுத்துச் சொன்னார்.

"அப்ப அன்னிக்கு நிச்சயமா பிடிக்காதுங்கறீங்க" என்றார் மந்திரி.

"நிச்சயமா பிடிக்காதுங்க."

"அதானேய்யா வேணும். அறிவிச்சுடுங்க."

அந்த வெற்றிக்குப் பிறகு, அமாவாசையன்று சந்திர கிரகணமும் அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு வானத்தில் சந்திரனே கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தெரியாத சந்திரன் பழுதில்லாமல் தப்பித்ததற்காக மூன்று நாள் விழா எடுத்தார்கள். வடக்கே எல்லைக்கு அப்பால் இருக்கிற அரசனின் தூதர் அந்த விழாவுக்கு வந்து, போன வருஷம் தங்கள் ஊரில் சூரியன் பாதி மறைந்ததே என்றார். எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்கள் அரசனின் புண்ணியம் அவ்வளவுதான்.

வூவுக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் தெரியாது. கிரகணங்கள் கூடக்கூட தம்பிக்கு வாய்ப்பும் கூடுகிறது என்றே நினைத்தான். அமாவாசைக்கும் நின்றான், பௌர்ணமிக்கும் நின்றான். ஒவ்வொரு தடவையும் "பிடிக்கவில்லை" என்ற குரல்தான் வந்தது. வாத்துகளுக்குத் தீனி போடுவான், கஞ்சி காய்ச்சுவான், கச்சேரிக்குப் போவான். யாராவது பேசினால் பதில் சொல்வான். மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி நாள் போயிற்று.

கடைசியில், தலைவரையே கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தான். தாவ் ஐயா தன் அறையில் ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நிஜமா எப்ப பிடிக்கும்?"

தாவ் ஐயா மெல்லுவதை நிறுத்தினார். "பிடிக்கணும்னு ஆசைப்படறியா?"

"இல்லீங்க ஐயா. பிடிச்சா அடிக்கணுமே. கை மறந்துடுச்சோன்னு பயமா இருக்கு."

தாவ் ஐயாவுக்கு அவன் தம்பியின் கதை தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு கொழுக்கட்டையைத் தட்டின் விளிம்பில் வைத்தார். ஒரு லிச்சிப் பழத்தை எடுத்துத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"கொழுக்கட்டை சூரியன். இது சந்திரன். இப்ப எனக்குக் கொழுக்கட்டை தெரியல. அவ்வளவுதான் கிரகணம். கடியும் இல்ல, நாயும் இல்ல. மாசாமாசம் சந்திரன் இந்தப் பக்கமாத்தான் போறான். ஆனா அவன் நடக்கற பாதையும் சூரியன் பாதையும் ஒண்ணு இல்ல. கொஞ்சம் சாய்ஞ்சது. ரெண்டே இடத்துல வெட்டிக்குது. அமாவாசை அந்த இடத்துக்குக் கிட்ட வந்தாத்தான் மறைக்கும். இல்லேன்னா மேலயோ கீழயோ போயிடுவான். அப்படியே மறைச்சாலும் நிழல் வேற எங்கயாவது விழும். வடக்கத்திக்காரங்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது."

"அப்ப பௌர்ணமிக்கு நான் நின்னதெல்லாம்?"

"சும்மா நின்ன."

வூ கொழுக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமாங்க ஐயா?"

"எனக்கு மட்டுமா? இங்க கூட்டிப் பெருக்கறவனுக்கே பாதி தெரியும். தெரியறது வேறப்பா, அறிவிக்கறது வேற. தெரிஞ்சதை மட்டும் அறிவிச்சா, என்னிக்காவது ஒரு நாள் எங்கயாவது கொஞ்சம் பிசகும். பிசகினா நூறு அடி. எங்கப்பா இதே நாற்காலியில இருந்தவரு. ரொம்ப நேர்மையா கணக்குப் போடுவாரு. கடைசி வருஷமெல்லாம் குப்புறப் படுத்துக்கிட்டுத்தான் சாப்பிட்டாரு." லிச்சியை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "ஒன்பதாம் மாசம் அமாவாசை. மத்தியானம். முழுசா மறைக்கும். நட்சத்திரம் தெரியும்."

ஒன்பதாம் மாதம் குளிருக்கு முன்னால் வருகிறது. வூ குனிந்து வணங்கினான். பல மாதத்துக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது. போகிற வழியில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டான்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. தாவ் ஐயா அதை மந்திரியிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். எட்டாம் மாதக் கடைசியில் கச்சேரியில் கூட்டம் போட்டார்கள். வூ அன்றைக்கு மூலையில் உட்கார்ந்து முரசுக்குப் புதுத் தோல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"இந்த வாட்டி பிடிச்சுடுங்க" என்றார் தாவ் ஐயா.

மந்திரி கேட்டார்: "இத்தனை நாள் பிடிக்காம இருந்ததுக்குக் கல்வெட்டு வெட்டியாச்சு. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"கல்லுல கடைசி வரிக்கு அப்புறம் எடமே விடல. இப்பப் போயி பிடிக்குங்கறீரு." மந்திரி எழுத்தரைப் பார்த்துத் திரும்பினார். "கிரகணம்னா என்னன்னு சட்டத்துல என்ன இருக்கு? படி."

எழுத்தர் படித்தார்: "அண்டாவிலுள்ள எண்ணெயில் தெரியும் சூரியன் குறைவுபட்டதை அதிகாரிகள் ஐவர் கண்டு ஒப்பினால் அது கிரகணம் எனப்படும்."

"வானத்தைப் பத்தி ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் வானத்தைப் பத்தியே பேசறீங்க? நான் சடங்கு மந்திரி. வானம் என் இலாகா இல்ல. அண்டா என் இலாகா." அவர் குரல் கனிந்தது. "முற்றத்துல வச்சா எண்ணெயில தூசி விழுது. போன தடவை ஒரு ஈ விழுந்து, ஐயோ கடிச்சுடுச்சுன்னு ஒரு அதிகாரி மயக்கம் போட்டாரு. அண்டாவை மண்டபத்துக்குள்ள வைங்க. கூரைக்குக் கீழ. ஜன்னலுக்கெல்லாம் திரை போடுங்க. நமக்குச் சுத்தம் முக்கியம்."

ஐந்து அதிகாரிகளும் தலையை ஆட்டினார்கள். தாவ் ஐயா மூலையில் இருந்த வூவை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரும் தலையை ஆட்டினார். வூ தோலின் கடைசி முடிச்சை இறுக்கினான்.

அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் சிறைக்குப் போனான்.

"நாளைக்கு மத்தியானம் கடிக்கும்டா. முழுசா."

"அப்ப எனக்குத் தலை இருக்கும்" என்றான் லியூ.

"கடிக்கும், ஆனா கடிக்காது. அண்டாவை உள்ள வச்சுட்டாங்க."

லியூ மெதுவாக, "கறுப்பு வாத்தை மட்டும் வித்துடாதண்ணே. அது முட்டை போடும்" என்றான். வூ சரி என்றான். வீட்டுக்கு வந்து படுத்தான். தூங்கியும்விட்டான்; அவனுக்கே அது விசித்திரமாக இருந்தது.

மறுநாள் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மந்திரியும் ஐந்து அதிகாரிகளும் மண்டபத்துக்குள் போய் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். கொடிக்காரன் வாசலில் நின்றான். முற்றத்தில் முரசும் வூவும் மட்டும். அவன் குச்சிகளைத் தூக்கினான்.

வெயில் மெல்ல வெளுக்கத் தொடங்கியது. நிழல்களின் ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி கூர்மையாயிற்று. மரத்தடியில் இலைகளுக்கிடையே விழுந்த வெளிச்சப் பொட்டுகளெல்லாம் சின்னச் சின்னப் பிறைகளாக மாறின. காற்று குளிர்ந்தது. தெருவில் பேச்சு நின்றது. மேற்கிலிருந்து ஒரு இருட்டு ஓடிவந்து ஊரை மூடியது. நட்சத்திரங்கள் வந்தன. ஆற்றில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள், பொழுது போய்விட்டது என்று, வரிசையாகக் கரையேறிக் கூட்டுக்கு நடந்தன.

மண்டபத்துக்குள் ஒரே இருட்டு. "அண்டாவே தெரியலியே" என்று ஒரு அதிகாரி சொல்வது வெளியே கேட்டது.

"விளக்கு கொண்டாங்க" என்றார் மந்திரி.

விளக்கு வந்தது. அண்டாவுக்கு மேலே அதைப் பிடித்தார்கள். எண்ணெயில் அது மஞ்சளாக, கொஞ்சம் ஆடிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தது.

"முழுசா இருக்கா?" என்றார் மந்திரி.

"முழுசா இருக்குங்க."

"எல்லாரும் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சுங்க."

கொடி இறங்கவில்லை. "பிடிக்கவில்லை" என்ற குரல் இருட்டுக்குள்ளிருந்து வந்தது.

வூ தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான். சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் வெள்ளி மயிர்போல ஒரு ஒளி. அழகாகத்தான் இருந்தது. அவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. கையில் குச்சிகள் இருக்கின்றன, எதிரே முரசு இருக்கிறது, தம்பிக்குத் தலை போகப்போகிறது. இந்த மூன்றும்தான் அவனுக்குத் தெரிந்தன. அடித்தான்.

முதல் அடியில் புறாக்கள் கூரையை விட்டுப் பறந்தன. இரண்டாம் அடிக்குத் தெருவில் யாரோ சட்டியைத் தட்டினார்கள். பிறகு ஊரே தட்டியது. வாணலி, குடம், கதவு, படகுத் துடுப்பு, கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். வூ தன் தோள் தாங்கிய மட்டும் அடித்தான். கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வெடித்தது, பகல் திரும்பியது. அப்போதும் அடித்துக்கொண்டிருந்தான். கச்சேரிச் சேவகர்கள் வந்து கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினான்.

"எதுக்குடா அடிச்ச?" என்றார் மந்திரி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"பிடிச்சுதுங்க ஐயா."

"எது?"

வூ நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான்.

விசாரணையை மந்திரியே நடத்தினார். கிரகணம் இல்லாதபோது கிரகண முரசு அடித்தது குற்றம். ஆகவே கிரகணம் இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டும். ஐந்து அதிகாரிகள் இருந்தார்கள்தான். ஆனால் வழக்கு போட்டதே அவர்கள் என்பதால் வெளியாள் ஒருவராவது வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஊரில் ஒருவரும் கிடைக்கவில்லை.

"எல்லாரும் வெளிய நின்னு மேல பார்த்திருக்கானுங்க" என்றார் மந்திரி வெறுப்போடு. "வானத்தைப் பார்த்தவன் சாட்சிக்கு ஆகமாட்டான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருக்கும். வானத்தைப் பார்க்காத, நடுநிலையான ஆள் ஒருத்தன்கூடவா இந்த ஊர்ல இல்ல?"

தாவ் ஐயா எழுந்தார். விசாரணை முழுக்க அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். "உள்கொட்டடியில ஒருத்தன் இருக்காங்க. வசந்தத்துலேர்ந்து சுவரை மட்டும்தான் பார்க்கறான்" என்றார்.

லியூவைக் கொண்டுவந்தார்கள். வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடி மூடித் திறந்தான். மெலிந்திருந்தான். மண்டியிட்டிருந்த அண்ணனைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். பிறகு அண்ணன் கையிலும் கயிறு இருப்பதைக் கவனித்தான்.

"அமாவாசையன்னிக்கு மத்தியானம் கிரகணம் பிடிச்சதா இல்லியா?" என்றார் மந்திரி.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக லியூ யோசித்தான் போலிருக்கிறது.

"அண்ணே, நான் என்ன சொல்லட்டும்?"

"நீ என்னடா பார்த்த?" என்றான் வூ.

"சுவர்."

"அதையே சொல்லு."

"சொன்னா உன்னை..."

"சொல்லுடா. உனக்கு எப்பவும் கேக்காமயே பேச்சு வருமே. இப்பக் கேக்கறாங்க, சொல்லு."

லியூ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் ஒண்ணும் பார்க்கலீங்க. சத்தம் கேட்டுச்சு. யாருக்கோ கல்யாணம்னு நெனச்சேன்."

"கிரகணம்?"

"பார்க்கலீங்க."

மந்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. லியூவின் பழைய வழக்கை எடுத்துப் படிக்கச் சொன்னார். "பாருங்கய்யா. வசந்தத்துல என்ன சொன்னான்? கிரகணம் பிடிக்கலேன்னான். இப்ப என்ன சொல்றான்? பிடிக்கலேங்கறான். தலை போற நேரத்துலகூட ஒரே பேச்சு. இவ்வளவு நேர்மையான ஆளை எதுக்கு உள்ள வச்சிருக்கீங்க? கணக்குத் தப்புன்னு சொன்னது வாத்துக் கணக்கா இருக்கும்." கயிற்றை அங்கேயே அவிழ்த்துவிட்டார்கள். முரசுக்காரன் வேலை காலியாக இருந்ததால், அதையும் அவனுக்கே கொடுத்தார்கள்.

வூவுக்கு மரண தண்டனைதான் விதித்திருக்க வேண்டும். ஆனால் கிரகணம் தடுக்கப்பட்ட நல்ல நாள் என்பதால் மந்திரி இரக்கம் காட்டினார். "அடுத்த கிரகணம் பிடிக்கற வரைக்கும் சிறை. பிடிச்சதும் வழக்கம்போல மன்னிச்சு விட்டுடலாம்" என்றார். எவ்வளவு கருணையான தீர்ப்பு என்று எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள். தாவ் ஐயாவுக்கு ஒரு பட்டுச் சுருள் கிடைத்தது.

அதே உள்கொட்டடி, அதே ஓட்டை. பத்தாம் மாத அமாவாசையன்று லியூ ஒரு வாத்துக் காலை இலையில் சுற்றிக்கொண்டு வந்தான். வெளியே முதல் பனி விழுந்திருந்தது. அவன் தொப்பியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடிச்சுதா?" என்றான் வூ.

"இல்லண்ணே."

வூ வாத்துக் காலை வாங்கிக்கொண்டான். "கறுப்பா இது?"

"சேச்சே. அதை விடுவேனா? இது ஒரு சோம்பேறி." லியூ கதவோடு ஒட்டி உட்கார்ந்தான். "தாவ் ஐயாவைக் கேட்டேன். நம்ம ஊர்ல அடுத்தது எப்பன்னு. எனக்குத் தலையெல்லாம் நரைச்சப்புறமாம். முழுசா இல்லியாம், பாதிதானாம். பரவாயில்லண்ணே. பாதின்னாலும் நான் அடிச்சுடறேன். ஊரு பூரா கேக்கற மாதிரி."

வூ மென்றுகொண்டிருந்தான்.

"ஆனா ஒண்ணுண்ணே. நீ அடிச்சுக் கிழிச்ச முரசை எடுத்துட்டாங்க. புதுசு வந்திருக்கு. ஒரே மரத்துல குடைஞ்சது. குடையக்கூட இல்ல, உள்ள கெட்டி. மேல தோல் மாதிரி வர்ணம் அடிச்சிருக்காங்க. நேத்து யாரும் இல்லாதப்ப விரலால தட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டின மாதிரிகூட இல்ல."

"ம்" என்றான் வூ.

"நான் என்னண்ணே பண்றது?"

நியூ வந்து நேரமாகிவிட்டது என்றார். லியூ எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டான். அப்போது ஓட்டை வழியாக இரண்டு விரல்கள் வந்து, அவன் அங்கியின் நுனியைப் பிடித்து இழுத்தன.

"குச்சியை நுனியில பிடிக்காத. பாதிக்குக் கீழ பிடி. அப்பதான் தோள் வலிக்காது."